பவுனு தலையில் தேங்கிய தண்ணீர்

சுருளிப்பட்டியில் எங்கள் அடுத்த வீட்டுக்காரி சங்கிலியம்மாள். களை எடுப்பாள், நாற்று நடுவாள், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதில் எந்த ஆம்பளைக்கும் இளைத்தவளில்லை. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷத்தில் அவளுக்கு ஒரு பெண் பிறந்தாள். பவுனு என்று பேர் வைத்தார்கள்.

எங்கள் பக்கம் கைப்பிள்ளைக்கு உச்சிக்குழி உள்ளே பள்ளமாக விழுந்துவிடக் கூடாது என்று ஒரே பயம். தினமும் விளக்கெண்ணெய் தொட்டு உச்சியில் வைப்போம். பவுனுக்கு நாலாம் மாதமே உச்சி மேடாக நின்றது. எண்ணெய் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று தெருவே மெச்சியது. தலை பெருக்கப் பெருக்க, "மகாராணிக்கு மூளை அம்புட்டு!" என்று கொஞ்சினார்கள். நானும்தான் கொஞ்சினேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். பிள்ளையின் கருவிழி கீழே சரிந்து, மேலே வெள்ளை தெரிந்த பிறகுதான் சங்கிலி பயந்தாள். அதற்குள் மேலும் ஐந்து மாதம் ஓடிவிட்டது.

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் தலையை அளந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூளைக்குள்ள நீர் ஓடுற வழி ஒண்ணு இருக்கும்மா. இவளுக்கு அது ஒடுங்கிப் போச்சு. தண்ணி தேங்குது."

"வாய்க்கா அடைச்சா பக்கத்துல வெட்டி விடுவோம்யா. அப்பிடி வெட்டக் கூடாதா?" என்றாள் சங்கிலி.

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "வெட்டலாம். விளக்கு வச்ச குழாயை உள்ள விட்டு, வேற துளை போட்டு, வெளிதேசத்துல ஒண்ணு ரெண்டு பேர் செஞ்சு பாத்திருக்காங்க. எங்கிட்ட அந்தக் குழாயும் இல்ல, கைப்பழக்கமும் இல்ல. உச்சியில ஊசி போட்டு எடுக்கத்தான் முடியும். எடுத்தாலும் ஊறும். அடிக்கடி குத்தினா காய்ச்சலும் வரலாம்."

ஊறத்தான் செய்தது. பதினைந்து நாளைக்கு ஒரு ஊசி. எடுத்த பிறகு இரண்டு நாள் பவுனு பால் குடிப்பாள், முகம் பார்ப்பாள். அப்புறம் வாந்தி, ராத்திரியெல்லாம் ஓயாத அழுகை. சங்கிலி மறுபடி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கம்பம் டவுனுக்கு நடப்பாள், அங்கிருந்து மதுரைக்கு பஸ். அந்தத் தலையைத் தாங்கித் தாங்கி அவளுடைய இடது கை மரத்துப்போனது. பார்க்கிற எங்களுக்கே அலுத்துவிட்டது.

"போதும் சங்கிலி, விட்ரு. டாக்டரே கைய விரிச்சுட்டாக" என்றான் அவள் புருஷன் சுயம்புலிங்கம்.

"அந்த ரெண்டு நாளு எம்மக என்னயப் பாக்குறா. அதுக்குத்தான் போறேன்."

ஒன்பதாவது ஊசிக்குப் பிறகு காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் காலையில் பவுனு போய்விட்டாள்.

ஆம்பளைகள் புதைத்துவிட்டு வந்தார்கள். நாங்கள் ஒப்பாரி வைக்கக் கூடியபோது சங்கிலி சுவரில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். சிலர் முகம் சுளித்தார்கள். எழுப்பப் போனவளின் கையைப் பிடித்து நான் இழுத்தேன். மறுநாள் மத்தியானம் வரை அசையாமல் தூங்கினாள்.

கண் விழித்தவள் எதுவும் புரியாமல் கையை உதறிப் பார்த்தாள். "நல்லாத் தூங்கிட்டேன்க்கா" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. தலையிலும் வாயிலும் அடித்துக்கொண்டு அழுதாள்.

"எப்பிடிக்கா எனக்குத் தூக்கம் வந்துச்சு?"