மக்ரிபுக்குள் திரும்ப வேண்டிய மெக்கானிக்

ஷாகிரா தையல் மெஷின் திருத்துகிறாள். தோட்டங்களில் பெண்பிள்ளைகளுக்கு நடக்கும் தையல் பயிற்சி நிலையங்கள் அவளைத்தான் அனுப்பும்படி மெஷின் விற்கும் கம்பனிக்கு எழுதும். ஆண் மெக்கானிக் வந்தால் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள் என்பது கடிதத்தில் இருக்கும் காரணம். முன்பு வந்தவன் மெஷினைத் திறந்ததைவிட அதிக நேரம் போன் நம்பர் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது கடிதத்தில் இல்லாத காரணம்.

வயது முப்பத்தாறு. கணவன் கட்டாரில் லொறி ஓட்டுகிறான். அந்தப் பாலைவனத்தில் அவன் தனியாக எங்கெங்கே போய்வருகிறான் என்று குடும்பத்தில் யாரும் இதுவரை கேட்டதில்லை. ஷாகிரா பக்கத்திலுள்ள தெமோதரை வரைக்கும் போவதென்றால் விசாரணை உண்டு. விசாரிப்பவர் மூத்த சகோதரர் ஹஸீப் நானா, பதுளை பஸாரில் புடைவைக் கடை வைத்திருப்பவர். தங்கை வேலைக்குப் போவதை அவர் எதிர்ப்பவர் அல்லர். பள்ளிவாசல் கூட்டங்களில் பெண் கல்வி பற்றிப் பேசுபவர். ஒரே ஒரு நிபந்தனை. பொழுது சாயும்போது சொல்லும் மக்ரிப் பாங்குக்கு முன் வீட்டில் இருக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் சாமான் பையைக் கம்பனியிடம் கொடுத்து வேலையை விட்டுவிட வேண்டும். நாலு வருடமாக அவள் தவறவில்லை.

ஊவா மாகாணத்தில் தனியாகப் பயணம் செய்யும் அவளுக்குக் கிடைக்காத ஒரே பொருள் தனிமை. பண்டாரவளை பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே ஹார்ட்வெயார் கடை மாமா. எல்லவில் வெள்ளைக்காரருக்கு ரொட்டி சுடும் மச்சான். இவர்கள் அனைவருக்கும் வியாபாரம் மந்தம், போன் சுறுசுறுப்பு. அவள் வீடு திரும்புமுன்னே அறிக்கை வந்துவிடும்.

"இண்டைக்குப் பண்டாரவளையில ரெண்டு வடை தின்டீக்கிறாய்," என்பார் ஹஸீப்.

"ஒண்டுதான் நானா. மத்தது மாமா தின்டது."

யாருடைய மகள் என்று ஒருவரும் கேட்காத ஓர் ஊரில் ஒரு நாள் நடக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. சொர்க்கத்துக்கு ஆசைப்படுவது இதைவிடச் சுலபம். அதற்கு நானாவின் ஆதரவு உண்டு.

ஆடி மாதத்தில் நமுனுகுலை மலையடியிலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து பதினொரு மெஷின் பழுது என்று கடிதம் வந்தது. ஹஸீப் மனதுக்குள் அந்த வழி நெடுகக் கடைகளைத் தேடிப் பார்த்தார்.

"அங்கால நம்மட ஆக்கள் ஒருத்தரும் இல்லயே."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் ஷாகிரா. அவர் அதைப் பயபக்தி என்று எடுத்துக்கொண்டார்.

பஸ் ரோட்டில் இறங்கி, துஷாந்த் என்ற இளைஞனின் ஆட்டோவில் நாலு கிலோமீட்டர் மேலே போனாள். பயிற்சி நிலையத்தை நடத்தும் ஜீவராணி வாசலில் நின்றாள். முதல் கேள்வி, "மிஸ் சாப்டீங்களா?" இரண்டாவது கேள்வி இல்லை. ஷாகிரா நம்ப முடியாமல் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பகலில் தொழிலாளர் லயத்துப் பக்கம் நடந்து, பள்ளத்தில் ஓடையைப் பார்த்து, தெரியாத ஒரு வாசலில் உட்கார்ந்து, சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தாள். எங்கிருந்தும் போன் வரவில்லை.

"மூணு மணிக்கு அம்மனுக்குக் காப்புக் கட்டுறாங்க. அதுக்கு முன்னாடி முடிச்சிருங்க மிஸ்," என்று ஜீவராணி சொல்லியிருந்தாள். திருவிழா அவர்களுடையது, மெஷின் என்னுடையது என்று நினைத்துக்கொண்டாள் ஷாகிரா. பட்டணத்தில் அடுத்தடுத்த கடைகளில் முப்பது வருடம் வாழ்ந்த முஸ்லிம்களும் இந்துக்களும் ஒருவர் பண்டிகையில் ஒருவர் பலகாரம் தின்று பழகியவர்கள். பலகாரத்துக்கு அப்பால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பதினோராவது மெஷின் முரண்டு பிடித்தது. கோயிலிலிருந்து தப்பு மேளச் சத்தம் கேட்டபோது அவள் அதன் அடிவயிற்றில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றரைக்குப் பையோடு வெளியே வந்தால், துஷாந்தின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. ஆட்டோவின் கண்ணாடியிலும் ஒன்று.

"போவமா தம்பி? நாலு மணி பஸ்."

"காப்புக் கட்டியாச்சுங்க மிஸ். தோட்ட எல்லைய தாண்டக்கூடாது."

"எத்தின மணி வரைக்கும்?"

"ஒம்பது நாளு."

கோயில் கமிட்டித் தலைவர் சின்னராசா வந்தார். ஓய்வுபெற்ற கங்காணி, ஓய்வு அவருக்குத் தெரியாமல் நடந்தது போலவே இன்னும் பேசுவார். கயிறு கட்டும் நேரத்தில் எல்லைக்குள் இருந்தவர்கள் எல்லாரும் எல்லைக்குள்தான் என்று தீர்ப்புச் சொன்னார். அம்மனின் சட்டம் முஸ்லிம்களுக்கும் பொருந்துமா என்று கமிட்டியில் ஒரு விவாதம் எழுந்து, அம்மனே ஆள் பார்க்காதபோது நாம் யார் பார்க்க என்ற பெருந்தன்மையான முடிவோடு, ஷாகிராவுக்குச் சரிசமமாகச் சிறை கிடைத்தது.

"ஏங்க பெரியப்பா, ஒங்க மகன் எங்க இருக்கான்?" என்றாள் ஜீவராணி.

"கொழும்புல."

"ஏழு வருசமா. தோட்டத்துல பாதிப்பேரு கொழும்புல. போனவங்கள விட்டுட்டு, மெஷின் ரிப்பேர் பண்ண வந்தவங்களப் புடிச்சு வச்சிருக்கீங்க."

"அவன் காப்புக்கு முந்தியே போயிட்டான்ல," என்றார் சின்னராசா. சட்டம் அவரிடம் மிகச் சுத்தமாக இருந்தது.

ஷாகிரா மணியைப் பார்த்தாள். நாலு மணி பஸ் போய்விட்டது. அடுத்தது கடைசி, ஐந்து ஐம்பதுக்கு. அதில் போனால் மக்ரிப் தவறிவிடும். மக்ரிப் தவறினால் வேலை போய்விடும். அழுதுவிடக்கூடாது என்று பையின் ஸிப்பை இரண்டு தடவை திறந்து மூடினாள்.

"வீட்டு ஆம்பளைங்க நம்பரக் குடு தங்கச்சி. நான் பேசிக்கிறேன்."

கொடுத்தாள். சின்னராசா இரண்டு வாக்கியம் பேசினார். மூன்றாவதில் முகம் விரிந்தது.

"யாரு, ஹஸீப் மொதலாளிங்களா? நம்ம அம்மனுக்கு வருசா வருசம் செகப்புப் பட்டு ஒங்க கடையிலதானே எடுக்கிறோம்."

அதன் பிறகு இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் மிக நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பட்டின் தரம், மழை, பிள்ளைகள் எல்லாம் முடிந்து போன் ஷாகிராவிடம் வந்தது.

"சின்னராசா அண்ணன் நல்ல மனிசன்," என்றார் ஹஸீப். "அவங்கட மனச நோவடிக்க ஏலாது. நீ ராவைக்கு அங்க நில்லு. ரெண்டு நாள் போனாலும் பரவாயில்ல."

"மக்ரிபு?"

"அங்கயே தொழு."

நாலு வருடம் ஒரு நிமிடமும் விட்டுக்கொடுக்காத கடிகாரம் இரண்டு நாளை இனாமாகத் தந்தது. வேலை நிலைத்துவிட்டது. ஆனால் யாருடைய தங்கை என்று இப்போது தோட்டத்துக்கே தெரியும். "மொதலாளி தங்கச்சிக்கு நாற்காலி போடு" என்று யாரோ உத்தரவிட்டார்கள். நாற்காலி வந்தது. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

"நான் போறன்," என்று பையைத் தோளில் மாட்டினாள்.

"மொதலாளியே நிக்கச் சொல்லிட்டாரே," என்றார் சின்னராசா. "அம்மன் குத்தம் ஆயிரும்."

"குத்தம் எனக்குத்தானே? நான் பாத்துக்கொள்றன்."

எல்லையில் பசறையிலிருந்து வரவழைத்த வேப்பிலையைக் கயிற்றில் கோத்துக் கட்டியிருந்தார்கள். ஜீவராணி கூடவே வந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"நானும் வருவேன் மிஸ். ஆனா எனக்கு நாளைக்கும் இவங்க மூஞ்சியில முழிக்கணும்."

"எனக்கு மட்டும் நானாட மூஞ்சி இல்லயா?" என்று சொல்லிவிட்டு ஷாகிரா குனிந்து கயிற்றைக் கடந்தாள்.

நாலு கிலோமீட்டர். ஒரு பிரிவில் தவறான பாதையில் இறங்கி, மூடிக்கிடந்த பழைய தொழிற்சாலைக்கு முன்னால் போய் நின்றாள். வழி கேட்க ஆளில்லை. பயந்தாள். திரும்பி ஏறினாள். கடைசி பஸ்ஸின் கடைசிப் படியில் ஏறியபோது இருமல் வரும் அளவுக்குச் சிரித்தாள். நடத்துநர் டிக்கெட்டைத் தந்துவிட்டுத் தள்ளி நின்றார்.

ஏழரைக்கு வீடு. ஹஸீப் கூடத்தில் நின்றிருந்தார்.

"மக்ரிபு முடிஞ்சு ஒரு மணித்தியாலம். நாளைக்குப் பையக் குடுத்திரு."

"ரெண்டு நாள் பிந்தினாப் பரவாயில்லண்டீங்க."

"அது நான் சொல்லி நிக்கிறது."

இதைவிடத் தெளிவாக அவரால் ஒருபோதும் பேசியிருக்க முடியாது. பேசியபின் அது அவருக்கே கேட்டிருக்க வேண்டும், சாப்பாட்டுக்கு வரவில்லை. அவர் கவலை அம்மனுடைய பட்டுச் சேலை ஓடர் பற்றியது என்று வீட்டில் ஒரு கட்சி. கௌரவம் பற்றியது என்று இன்னொரு கட்சி. பெரிய வித்தியாசம் இல்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு ஷாகிரா இன்னும் தூரத்திலுள்ள மொனராகலை பஸ்ஸுக்குப் புறப்பட்டாள். சாமான் பை தோளில் இருந்தது. எத்தனை மணிக்கு வருவாய் என்று நானா கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள் என்று பயந்தார்.