நடுமாடிக்கு முன்னால் தொங்கிய கயிறு

தொடர்மாடியில் நடுமாடி கிடைத்தவன் போன பிறப்பில் பாவம் செய்தவன். மேல் வீட்டுக்காரனின் கதிரை இழுபடுவது அவன் தலையில். கீழ் வீட்டுக்காரி கருவாடு பொரிக்கிற புகை அவன் மூக்கில். பள்ளிமுனையில் கடல் அரித்து வீடு போன ஆக்களுக்கென்று இந்த மூன்று மாடிக் கட்டிடத்தைக் கட்டி, சீட்டுக் குலுக்கி வீடு பிரித்தார்கள். என் கை எடுத்த சீட்டு நடுமாடி. அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது கயிறு.

மேல்மாடி அமிர்தநாயகம் அண்ணை ஒவ்வொரு நாளும் மத்தியானம் தன் பல்கனியிலிருந்து நைலோன் கயிற்றில் ஓலைக்கூடை கட்டி இறக்குவார். மாடியில் இருக்கிறவர்கள் கூடை இறக்குவது புதினமில்லை. பாண் விற்க வருகிற வண்டியின் பாட்டுச் சத்தம் கேட்டால் எல்லாப் பல்கனியிலிருந்தும் கூடை இறங்கும். படி இறங்கப் பஞ்சி. ஆனால் அந்தக் கூடைகள் வெறுமையாய் இறங்கி நிறைந்து ஏறும். இவருடையது நிறைந்து இறங்கி, நிறைந்தபடியே ஏறும்.

உள்ளே சோறும் தேங்காய்ப்பால் சொதியும். சொதிக் கிண்ணத்துக்கு மூடி சரியில்லை. கூடை என் பல்கனியைத் தாண்டும்போது ஒரு ஆட்டம் ஆடும். கொடியில் காய்கிற உடுப்பில் சொட்டும். வருசக்கணக்காய் என்னிடம் மஞ்சள் கறை இல்லாத வெள்ளைச் சேட்டு ஒன்று கிடையாது. நான் மீனுக்கு ஐஸ் உடைக்கிறவன். வெள்ளைச் சேட்டு கோயிலுக்கு மட்டும்தான். அதிலும் சொதியோடு போய் முழங்காலில் நின்றவன் நான்.

"அண்ணை, கயிறைக் கொஞ்சம் அங்கால தள்ளி இறக்குங்கோவன்," என்று கேட்டேன்.

"அங்கால இறக்கினா அவளின்ர வாசலுக்குப் போகாது, தம்பி."

அவள் என்றால் கீழ்மாடி யசிந்தா அக்கா. அவருடைய கூடப்பிறந்த தங்கச்சி. புருசன் பெலிசியான் கடலில் செத்துப்போன நாளிலிருந்து அண்ணனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்படிப்பட்ட இரண்டு பேருக்கும் சீட்டில் ஒரே நேர்கோட்டில் மேலும் கீழுமாய் வீடு விழுந்தது. கூடை அவவின் பல்கனிக்கு முன்னால் வந்து நிற்கும். அவ பார்ப்பா. தொடமாட்டா. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவா. காகம் வரும். சில நாளில் ரோட்டில் திரிகிற கழுதை ஒன்று வந்து சோற்றில் வாய் வைக்கும். பிறகு கூடை மேலே ஏறும்.

"கடவுள் அண்ணனையும் தங்கச்சியையும் ஒரு தூணில கட்டிப்போட்டு, நடுவில உங்களை வைச்சிருக்கிறார்," என்பாள் என் மனுசி பெற்றிசியா.

"என்னை என்னத்துக்கு வைச்சவர்?"

"சொதி நிலத்தில விழாமத் தாங்க."

அமிர்தநாயகம் அண்ணை உயரமான ஆள். மெலிந்த உடம்பு, ஆனால் கை மட்டும் வேறு யாரிடமோ வாங்கிப் பூட்டினது போலப் பெரிது. ஒருகாலம் கடல் தொழிலில் நின்றவர், பிறகு கடற்கரைப் பக்கமே போகாமல் கோயில் வளவு கூட்டிக்கொண்டிருந்தார். கலியாணம் முடிக்கவில்லை. படியில் ஏறும்போது யசிந்தா அக்காவின் கதவைக் கடக்கிற இடத்தில் மட்டும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. மாடிவீட்டில் சுவர் மெலிசு. எல்லாருக்கும் எல்லாம் கேட்கும், அதனால் ஒருத்தரும் ஒன்றும் கேட்பதில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். எல்லாரும் கூடைக் கயிற்றின் மேல் நுனியைப் பல்கனிக் கம்பியில் முடிந்துவிடுவார்கள். இவர் மட்டும் முடியமாட்டார். கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கதிரையின் விளிம்பில் இருப்பார். சில நாள் ஆறுதலாய் இழுப்பார். சில நாள் யாரோ வெருட்டினது போல ஒரே மூச்சில் இழுப்பார். கயிறு சீமெந்து விளிம்பில் உரசுகிற சத்தம் எங்கள் வீடு முழுக்கக் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் பெற்றிசியா சிலுவை போட்டுக்கொள்வாள். ஏனென்று கேட்டால் தெரியாது என்பாள்.

மடு மாதா திருநாளுக்குப் போக என்று அழுத்தி வைத்திருந்த சேட்டில் சொதி விழுந்த அன்று எனக்கு விசர் வந்தது. பல்கனிக்குப் போய்க் கயிற்றை எட்டிப் பிடித்தேன். இண்டைக்கு இழுத்துப் பாரும் பாப்பம் என்று இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் இழுபட்டது. மேலிருந்து இல்லை. கீழிருந்து.

ஒருதரம். கொஞ்சம் விட்டு இன்னொருதரம்.

எட்டிப் பார்த்தேன். கூடை யசிந்தா அக்காவின் பல்கனிக்கு முன்னால் தொங்கியது. கதவு சாத்தியிருந்தது. முற்றத்தில் ஒரு குஞ்சுமில்லை. கழுதையோ என்று பார்த்தால், அது ரோட்டுக்கு அந்தப் பக்கம் மதில் நிழலில் நின்றது. காற்றென்று சொல்லலாம். காற்று கூடையை ஆட்டும். கூடை ஆடவில்லை. இறுக்கிப் பிடித்த கை இழுக்கிறது போல நேர் கீழே இழுபட்டது. ஐஸ் உடைக்கிற என் கை குளிர்ந்தது. எனக்குக் கை குளிர்வதென்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

"விடு, றெனால்ட்," என்றது மேலிருந்து ஒரு குரல். கோபமில்லாத குரல். "கயிறை விடு."

விட்டேன். ஒரே மூச்சில் ஏறிப் போய்விட்டது.

சண்டைக்கென்று படியேறினவன், அவருடைய வாசலில் போய் நின்றேன். வீட்டுக்குள் ஒரேயொரு பிளாஸ்ரிக் கதிரை. அதை எனக்குத் தந்துவிட்டுச் சுவரோடு நின்றார்.

"எத்தினை தரம்?" என்று கேட்டார்.

"ரெண்டு."

அவர் அப்படியே நிலத்தில் குந்தினார். "அப்ப எனக்கு மட்டும் இல்லை," என்றார். பிறகு, "நான் விசரன் எண்டெல்லோ இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான்," என்றார்.

அன்றைக்குத்தான் சொன்னார். சண்டை நின்று, சமாதானம் என்று சொல்லி, மூடிக் கிடந்த கடலைத் திறந்துவிட்ட வருசம். அவரும் பெலிசியானும் சங்கு குளிக்கப் போனார்கள். பெலிசியான் குளிக்கிறவன். இவர் வள்ளத்தில் கயிறு பிடிக்கிறவர்.

"மச்சான்தான் கயிறு பிடிக்க வேணும். அது எங்கட வழக்கம். உனக்குத் தெரியும்தானே?"

தெரியும். அடியில் போகிறவனின் உயிர் கயிறு பிடிக்கிறவனின் கையில். சொந்த அண்ணன் தம்பி பிடித்தால் காணி வளவுச் சண்டையென்று மனதில் ஏதும் கிடக்கும். பெண்சாதியின் சகோதரன் பிடித்தால், தன் தங்கச்சி தாலி கழற்ற விடமாட்டான். அதுதான் அந்தக் காலத்து ஆக்கள் போட்ட கணக்கு.

"அந்தக் கணக்கில ஒரு பிழை இருக்குது," என்றார். "மச்சானும் மச்சானும் எண்டா, பகிடி இல்லாம இருக்குமே?"

இரண்டு இழுவை என்றால் தூக்கு என்று அர்த்தம். பெலிசியான் பகிடிக்காரன். அடியிலிருந்து சும்மா இரண்டு தரம் இழுப்பான். இவர் பதறிப்போய் உள்ள பலமெல்லாம் போட்டுத் தூக்குவார். அவன் வெறும் பையோடு சிரித்துக்கொண்டு மிதப்பான். "என்ன மச்சான், வேர்த்துப் போச்சோ? பயப்படாத. உன்ர தங்கச்சி இன்னும் தாலியோடதான் இருக்கிறாள்."

"அண்டைக்குக் காலமை தொடங்கி ஏமாத்திக்கொண்டிருந்தான். திரும்பவும் இழுபடேக்க, இந்தமுறை உனக்குக் காட்டுறன் பார் எண்டு தூக்காம விட்டுட்டு இருந்தன். சிரிச்சுக்கொண்டு இருந்தன், றெனால்ட். ஒரு பீடி பத்த வைக்கிற நேரம்தான். கையில கயிறு, வாயில சிரிப்பு."

பிறகு இழுத்தபோது கயிறு கனத்தது. யாரோ அறுத்து விட்ட பழைய வலை ஒன்று அடியில் கிடந்திருக்கிறது. வலையோடு சேர்ந்துதான் அவன் வந்தான்.

"கரையில வந்து, கயிறு அசையவே இல்லை எண்டு சொன்னன். எல்லாரும் நம்பினவை. தங்கச்சிக்கும் அதைத்தான் சொன்னன். அவள் நம்பினாளோ இல்லையோ, கயிறு பிடிச்சவனுக்கு என்ர வீட்டில இருக்கக் கதிரை இல்லை எண்டு செத்தவீட்டில வைச்சே சொல்லிப்போட்டாள்."

"இப்பவெண்டாலும் போய்ச் சொல்லுங்கோவன், அண்ணை."

"கூடையை ஒருநாள் எடுப்பாள். எடுத்தா, இறங்கிப் போய்ச் சொல்லுவன். சாக முதல் சொல்ல வேணும். ஆனா என்ர சோத்தைத் தொடாதவளுக்கு என்னெண்டு சொல்லுறது?"

கூடை கீழே நிற்கும்போதுதான் அந்த இழுவை வரும் என்றார். எல்லா நாளும் இல்லை. வந்தால் உடனே தூக்கிவிடுவாராம்.

"கொஞ்சம் விட்டுப் பாத்தா அக்கா எடுப்பாவோ தெரியாது," என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "விட்டுப் பாத்ததாலதானே எல்லாம் வந்தது."

அதற்குப் பிறகு நான் என் கொடியைக் குசினிப் பக்கம் மாற்றிக் கட்டினேன். சொதியைப் பற்றி ஒரு கதையும் கதைக்கவில்லை. மத்தியானத்தில் பல்கனிப் பக்கம் போவதை விட்டுவிட்டேன். பெற்றிசியாவுக்குக் காரணம் சொல்லவில்லை. அவள் கேட்கவுமில்லை. கயிறு உரசுகிற சத்தம் வந்தால் இப்போது இரண்டு பேரும் சிலுவை போட்டோம்.

போன மாரியில் அவருக்குக் கால் வீங்கியது. பிறகு மூச்சு எடுக்க முடியாமல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்தவர்கள் தள்ளுகட்டிலோடு படியைப் பார்த்துவிட்டு நின்றார்கள். எங்கள் படி திரும்புகிற இடத்தில் அலுமாரியே திரும்பாது. அவருடைய பிளாஸ்ரிக் கதிரையில் அவரை இருத்தி, விழாமல் இருக்க அந்தக் கூடைக் கயிற்றாலேயே நெஞ்சோடு சேர்த்துக் கட்டினோம். நான் பின்பக்கம் பிடித்தேன். பக்கத்து வீட்டு நிறோஜன் முன்பக்கம்.

"பாரமாய் இருக்கிறனோ?" என்று மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

"ஐஸ் கட்டியைவிடப் பாரம் குறைவு, அண்ணை. ஆனா கதை கூட."

கடைசித் திருப்பத்தில் கதிரையின் ஒரு கால் மளுக்கென்று முறிந்தது. தாங்கிப் பிடித்து நிலத்தில் வைத்தோம். வைத்த இடம் யசிந்தா அக்காவின் வாசல். சத்தத்துக்கு அவ கதவைத் திறந்தா. கையில் மீன் செதிலோடு நின்றா. அவருடைய காலில் செருப்பிருந்தது. அதைக் கழற்றப் பார்த்தார், குனிய முடியவில்லை.

"தங்கச்சி," என்றார். "கயிறு இழுபட்டது. ரெண்டு தரம் இழுபட்டது. பகிடி விடுறான் எண்டு நான் பாத்துக்கொண்டிருந்துபோட்டன்."

நிறோஜனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் படியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வேன்காரன் கோர்ன் அடித்தான்.

யசிந்தா அக்கா கையைச் சட்டையில் துடைத்தா. துடைத்த கையையே மறுபடி துடைத்தா. "அந்த மனுசனுக்கு நான் எத்தினை நாள் சொன்னனான்," என்றா, யாருக்கென்றில்லாமல். "கயிறோட பகிடி விடாதையுங்கோ, கயிறோட பகிடி விடாதையுங்கோ எண்டு."

பிறகு உள்ளே போனா. கதவு சாத்தப்படும் என்று நினைத்தேன். அவ தன் சாப்பாட்டு மேசைக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தா. மரக்கதிரை, பாரமானது. எங்கள் முன்னால் வைத்தா.

"இதில இருத்துங்கோ," என்று என்னைப் பார்த்துச் சொன்னா.

அவரை அதில் மாற்றி இருத்தி, அதே கயிற்றால் மறுபடி கட்டிக் கொண்டுபோய் வேனில் ஏற்றினோம். அந்தக் கிழமை முடிய முதல் அவர் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டார். மேல்மாடிப் படியில் சவப்பெட்டி திரும்பாதென்று சொல்லி, யசிந்தா அக்காவின் வீட்டில்தான் வைத்தார்கள். வந்தவர்களுக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டிருந்தது.

மேல் வீட்டுத் திறப்பு இப்போது என்னிடம். வீடு பூட்டித்தான் கிடக்கிறது. கயிறு உள்ளே, நான் சுருட்டி வைத்தபடி. ஆனாலும் சில மத்தியானங்களில் சீமெந்து விளிம்பில் ஏதோ உரசுகிற சத்தம் வருகிறது. பெற்றிசியா என்னைப் பார்ப்பாள். நான் திறப்பைப் பார்ப்பேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வேனின் கதவைச் சாத்தப் போகும்போது அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். நெஞ்சில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கச் சொல்லி, அவிழ்த்ததை என் கையில் சுற்றிவிட்டார். மூச்சு விட்டு விட்டுத்தான் சொன்னார்:

"நாளைக்கும் கூடையை இறக்கு, றெனால்ட். கம்பியில முடியாத, கையில பிடி. ரெண்டு தரம் இழுபட்டா விட்டுப் பாக்காத. பகிடியாய் இருந்தாலும் பரவாயில்லை. தூக்கு."