மாமா கொண்டுவந்த பதிப்பு

என் மாமாவை எல்லாருக்கும் பிடிக்கும். எனக்கு ஆத்திரமே அதுதான். திருச்சியிலிருந்து வரும்போதெல்லாம் இரண்டு பெட்டி நிறைய முறுக்கும் துணிமணியுமாக வந்து இறங்குவார். கேட்டதைத் தவிர மற்ற எல்லாம் அதில் இருக்கும். அதைக் குறையாகச் சொன்னால் சொன்னவருக்குத்தான் நன்றி இல்லை என்று ஆகிவிடும்.

நான் தொடக்கநிலை மூன்றில் படித்த ஆண்டு அம்மாவும் மாணவியானாள். பல்கலைக்கழகத்தில் பகுதி நேரப் பட்டப்படிப்பு, இயற்பியலும் கணிதமும். தோ பாயோ அடுக்குமாடி வீட்டில் சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் என் ஒப்பித்தல், மறுபக்கம் அம்மாவின் நுண்கணிதம். ஜூரோங் கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்த அப்பாவுக்கு இந்தப் படிப்பு எதற்கென்றே விளங்கவில்லை. படித்து என்ன செய்யப்போகிறாய் என்பார். தெரிந்துகொள்ளப்போகிறேன் என்பாள் அம்மா. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். முதல் பருவத்தில் மெக்கானிக்ஸ் பாடத்தில் தேறினால் தொடரலாம், இல்லாவிட்டால் பேசாமல் கணக்கியலுக்கு மாறிவிட வேண்டும். அப்பா கார் உரிமம் எடுக்கப் போய் இரண்டு முறை கோட்டைவிட்டவர். அவருக்கு யாரும் நிபந்தனை போடவில்லை.

பாடங்களைப் பதிவு செய்த வாரம் மாமா வந்து இறங்கினார், ஒரு மாதம் தங்கிப் போக. வந்த அன்றே அம்மாவின் கணினித் திரையை எட்டிப் பார்த்து, அன்றாட வாழ்வில் இயற்பியல் என்று ஒரு பாடம் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். சூத்திரம் இல்லை, கணக்கு இல்லை, மற்றத் துறைக்காரர்கள் இளைப்பாற எடுப்பது. இதை எடும்மா, பேரு பிசிக்ஸ்தானே, ரெண்டும் ஒண்ணுதானே என்றார். அப்பாவும் தலையை ஆட்டினார். அம்மா மெக்கானிக்ஸைத் தேர்ந்தெடுத்தாள்.

அந்தப் பாடத்துக்கான புத்தகத்தை இங்கேயே வாங்கிக்கொள்வதாகத்தான் அம்மா இருந்தாள். மாமாதான் தொலைபேசியில், ஊரில் மலிவு, நான் கொண்டு வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தார். அம்மா அட்டையைப் படம் எடுத்து அனுப்பி, எந்தப் பதிப்பு என்றும் எழுதியிருந்தாள். மாமா கொண்டுவந்ததோ மெல்லிய தாளில் அச்சிட்ட இந்தியப் பதிப்பு. இந்தியாவில் மட்டும் விற்பனைக்கு என்று அட்டை மூலையில் ஆங்கிலத்தில் போட்டிருந்ததை நான்தான் வாசித்துக் காட்டினேன். எழுதியவர் ஒரே ஆள், பேரும் ஒன்று, அப்புறம் என்ன என்றார் மாமா. அண்ணன் ஆசையாகத் தூக்கி வந்ததை அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் வீட்டுப்பாடத்துக்குக் கேள்வியை எழுதித் தர மாட்டார்கள். இந்த அத்தியாயத்தில் இந்த எண் கணக்குகள் என்று மட்டும் சொல்வார்கள். இந்தியப் பதிப்பில் அந்த எண்களெல்லாம் இடம் மாறிக் கிடந்தன. ஆசிரியர் கேட்டது கம்பியில் தொங்கும் மின்தூக்கியைப் பற்றி. அம்மா பக்கம் பக்கமாகப் போட்டது சரிவில் வழுக்கும் பெட்டியை. ஒரு பிழை இல்லாமல் போட்டிருந்தாள். மதிப்பெண் பூஜ்யம். அம்மா போய்க் கேட்டதற்கு, சரியான பதிப்பைப் பார்த்து வாங்குவது மாணவரின் பொறுப்பு என்று பதில் வந்தது. தவணை முடிந்துவிட்டதாம், மறுபடி எழுதித் தரவும் முடியாதாம். அம்மா அன்றே கடைக்குப் போய்ச் சரியான புத்தகத்தை வாங்கிவந்தாள்.

மாமா ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனோம். அம்மா இலையைத் தொடவே இல்லை. நடந்ததை அப்பா சிரிப்புக் கதையாக மாமாவிடம் சொல்ல, மாமா ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே, "இதுக்குப் போயா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? ஒரு புக்குதானேம்மா," என்றார்.

அம்மா சத்தம் போடவில்லை. "அண்ணே, பன்னெண்டாவது முடிச்சப்ப எனக்கு பிசிக்ஸ் சீட் கெடச்சுது. ஃபீஸ் கட்டப் போன நீங்க, பக்கத்துல இருக்குன்னு வேற காலேஜ்ல ஹோம் சயின்ஸ்ல சேத்துட்டு வந்தீங்க. ரெண்டும் சயின்ஸ்தானேன்னீங்க."

"அதான் இப்ப படிக்கிறியே," என்றார் மாமா. அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் உறைக்கவில்லை.

"எல்லாரும் பாக்குறாங்க, மெதுவா பேசு லா," என்றார் அப்பா, மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தவளிடம்.

அம்மா சோற்றோடு இலையை மடித்துவிட்டு எழுந்து போனாள். அப்போது எனக்கு அம்மாமேல்தான் கோபம். நல்ல நாளைக் கெடுத்துவிட்டாளே என்று. மாமா தம் பாயசத்தையும் என் பக்கம் தள்ளினார். இரண்டு கிண்ணத்தையும் காலி செய்தேன்.

மறுநாள் மாமாவின் பெட்டியைக் கொக்கித் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தார்கள். சரியாக இருந்தது. அம்மா உள்ளே போய் அந்த மெல்லிய தாள் புத்தகத்தை எடுத்துவந்து பெட்டிக்குள் வைத்தாள். தராசு எகிறியது. லக்கேஜ் தாங்காதும்மா, இங்கேயே கிடக்கட்டும் என்றார் மாமா. அம்மா காதில் வாங்காமல், அவர் ஊருக்கு வாங்கிய சாக்லேட் பைகளையும் தைலப் புட்டிகளையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். எடை சரியானதும் பெட்டியைப் பூட்டிச் சாவியை அவர் கையில் கொடுத்தாள். மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று.

அந்தப் பாடத்தில் அம்மா மயிரிழையில் தேறினாள். பட்டமும் வாங்கினாள். மாமா இன்றுவரை, தங்கச்சி படிப்புக்கு நான்தான் புக் வாங்கிக் கொடுத்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று விமான நிலையத்துக்குப் போகும் வழியில், ஊரில் அதை யார் படிப்பார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"யாரும் படிக்க மாட்டாங்க. அவரு தூக்கிட்டுப் போகணும்," என்றாள்.

எவ்வளவு கல்நெஞ்சு என்று நினைத்தேன். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். திரும்பி வரும்போது அப்பாவோடு ஒட்டிக்கொண்டு நடந்தேன். அம்மா எங்களுக்குப் பின்னால் தனியாக வந்தாள். அவள் பக்கம் நிற்க அந்த வீட்டில் மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான் என்பது எனக்குத் தெரியவில்லை.