தாலி கட்டிய பிள்ளைக்கு இடமில்லை

எனக்குக் கல்யாணமானபோது எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு ஐந்து மாதம் இருந்தது. அறுபதுகளின் கடைசி. குன்றக்குடிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் கொடுத்தார்கள். படிப்பை நிறுத்த மாட்டோம் என்று மாமியார் வாக்குக் கொடுத்திருந்தார்.

மறுவாரம் காரைக்குடியில் நான் படித்த பெண்கள் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை முதலில் என் கழுத்தைத்தான் பார்த்தார்.

“தாலி கட்டின பிள்ளைகளை வகுப்புல உட்கார வைக்கிறதில்ல. அது நம்ம பள்ளிக்கூடத்துக் கொள்கை.”

திங்கட்கிழமைதோறும் பிரேயரில், பெண்களைப் படிக்கவைப்பதே நம் கொள்கை என்று தொண்டை கட்டப் பேசுகிறவர் அவர்தான்.

அடுத்த நாள் மாமியாரும் கூட வந்தார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. “கட்டிக்கிட்டுப் போன நாங்களே படிக்கட்டும்ங்கிறோம். படிக்க வைக்கிற நீக எதுக்கு டீச்சர் மறிக்கிறீக?”

தலைமையாசிரியை குரலைத் தாழ்த்தினார். “அப்படின்னா மறைச்சுக்கிட்டு வரச் சொல்லுங்க. யாராவது கேட்டா, கல்யாணம் ஆகலைன்னு சொல்லட்டும்.”

“என் மருமக யாருக்குப் பயந்து பொய் சொல்லணும்?” என்று எழுந்துவிட்டார் மாமியார்.

உண்மையைச் சொன்னால், நான் மறைத்திருப்பேன். மாமியார்மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது.

வெளியே வராந்தாவில் என் வகுப்புப் பெண் ஒருத்தி நின்றாள். கானாடுகாத்தானில் பெரிய வீட்டுப் பிள்ளை. ஆவணியிலேயே அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது; தாலியை மறைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். வகுப்புக்கே தெரியும், தலைமையாசிரியைக்கும் தெரியும். பள்ளியின் புதுக் கட்டடம் அவள் வீட்டார் கட்டிக்கொடுத்தது. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

திரும்பிப் போய் அவள் பெயரைச் சொல்ல வாய் துடித்தது. சொல்லி விஷயம் வெளியே வந்தால் எனக்கு இடம் கிடைக்காது, அவளுக்கும் போய்விடும். ஒரு பெண்ணைப் படிப்பிலிருந்து வெளியே தள்ள என் வாயால் ஒரு சொல் வரக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். வீடு வரும்வரை மாமியாரோடு பேசவில்லை.

அந்த வருஷம் போனது போனதுதான். அடுத்த வருஷம் தனித்தேர்வராக எழுதினேன். நடவு நேரத்திலும் மாமியார் என்னை வயலுக்குக் கூப்பிடவில்லை. என் வேலையையும் அவரே பார்த்தார். தேறினேன்.

எழுபதுகளில் வேலைக்கு மனுப் போட டி.சி. தேவைப்பட்டது. அந்தப் பள்ளிக்கே போனேன். தலைமையாசிரியை மாறியிருந்தார். வகுப்பில் தாலியோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

“அந்த விதியை எடுத்துட்டாங்களா?” என்று குமாஸ்தாவிடம் கேட்டேன்.

“எந்த விதிம்மா? அப்படி எதுவும் எழுத்துல கெடையாது. பழைய டீச்சரம்மா சும்மா ஒரு வழக்கமா வச்சிருந்தாக.”

சும்மா! டி.சி.யை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வெயிலில் பஸ் நிலையம்வரை நடந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் அடங்கவில்லை.