ஜாவித் கூட்டிவைத்த மவுஸ் வேகம்

துபாயிலிருந்து திரும்பி லப்பைக்குடிக்காட்டில் உட்கார்ந்துவிட்ட ஜாவித்துக்கு வயது முப்பத்தாறு. வேலை தேடுகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டான். காலையில் கொஞ்ச நேரம் தேடவும் செய்தான். மதியம் லுஹர் தொழுகை முடிந்து மனைவி இஃப்பத் கண்ணயர்ந்ததும், அவளுடைய குட்டி லேப்டாப்பில் துப்பாக்கி விளையாட்டைத் திறந்துவிடுவான். இனி தொடமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்து அழித்த விளையாட்டு அது. யாருக்கும் தெரியாமல் மறுபடி ஏற்றிவைத்திருந்தான்.

அந்த லேப்டாப்பில்தான் அந்த வீட்டுக்கே சோறு. பெரம்பலூர் ஸ்டுடியோ ஒன்றுக்கு இஃப்பத் கல்யாண ஆல்பம் செய்து கொடுக்கிறாள். மாப்பிள்ளை பெண்ணின் உருவத்தை ஓரம் பிசகாமல் வெட்டி எடுத்து வேறு படத்தில் வைக்கிற வேலை. ஜாவித்தின் சிக்கலோ வேறு. மடக்கு மேஜையில் லேப்டாப்பை வைத்தால் பக்கத்தில் மவுஸுக்கு ஒரு சாண் இடம்கூட மிஞ்சாது. விளையாட்டில் எதிரியின் காலடிச் சத்தம் பின்னால் கேட்டுத் திரும்புவதற்குள் மவுஸ் மேஜை விளிம்பைத் தாண்டிவிடும். தூக்கி மறுபடி வைப்பதற்குள் எவனாவது சுட்டுத் தள்ளியிருப்பான். விளையாட்டுக்குள் மட்டும் மவுஸ் வேகத்தைக் கூட்ட, சென்சிட்டிவிட்டி என்று தனியாக ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கைக்கு எது ஒத்துவருகிறதென்று பார்த்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. துரைக்கு அதற்கெல்லாம் பொறுமை ஏது? செட்டிங்ஸுக்குப் போய் லேப்டாப்பின் மவுஸ் வேகத்தையே ஒரே இழுப்பாகக் கடைசிவரை கூட்டினான். ஆடி முடித்து அப்படியே மூடியும் வைத்தான்.

மறுநாள் காலை இஃப்பத் உட்கார்ந்தாள். லேசாக அசைத்ததற்கே அம்புக்குறி எங்கேயோ ஓடியது. ஒரு மாப்பிள்ளையின் காது பாதி போனது. அடுத்த படத்தில் பெண்ணின் தோள் போனது. அவள் மவுஸை விட்டுவிட்டுத் தன் கையைப் பார்த்தாள்.

"மச்சான், என் கை நடுங்குது. அத்தாவுக்கும் இப்புடித்தான் ஆரம்பிச்சிச்சு."

அவளைப் பெற்ற அத்தா கடைசிக் காலத்தில் தம்ளரைப் பிடிக்க முடியாமல் இருந்தவர். ஜாவித்துக்கு உடனே புரிந்துவிட்டது. சொன்னால் விளையாட்டும் சேர்ந்து வெளியே வரும். "தூக்கம் பத்தாம இருக்கும்" என்றான். அவள் அடுப்படிக்குப் போனதும் வேகத்தைப் பழையபடி குறைத்துவைத்தான். எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தான், பாவி.

அவள் மவுஸைத் தொட்டால்தானே சரியாக! தன்னால் முடியாது என்று ஸ்டுடியோவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். டாக்டரிடம் போக வேண்டும் என்றாள். அவன்தான் பைக்கில் பெரம்பலூர் கூட்டிப்போனான். வழியில் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சிமெண்ட் லாரி ஒன்று உரசுகிற மாதிரி கடந்து போனதில், அதையே சாக்காக வைத்து விழுங்கிக்கொண்டான். டாக்டர் கையை நீட்டச் சொன்னபோது பயத்தில் அவள் விரல்கள் உண்மையாகவே நடுங்கின. மாத்திரை எழுதினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜாவித் அந்தச் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

அந்த வாரக் கடைசியில் அவள் தங்கை இர்பானா கைக்குழந்தையோடு வந்தாள். "இந்தா, பெரியம்மாகிட்ட போ" என்று நீட்டினாள். இஃப்பத் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"வேணாம்டி. கீழ போட்டுருவேன்."

அதற்கு மேல் ஜாவித்தால் தாங்க முடியவில்லை. கொழுந்தியாள் நிற்கிறாளே என்றுகூடப் பார்க்காமல் லேப்டாப்பைக் கொண்டுவந்து திறந்தான். வேகத்தைக் கூட்டிக் காட்டினான், குறைத்துக் காட்டினான். "ஒன் கையில ஒன்னுமில்ல இஃப்பத். நான்தான் கேமுக்காக ஏத்தி வச்சேன்."

இஃப்பத் மவுஸைப் பிடித்தாள். அம்புக்குறி அவள் சொன்ன இடத்துக்குப் போய் நின்றது. அவள் கத்துவாள், மவுஸைத் தூக்கி எறிவாள் என்று காத்திருந்தான். எறிந்திருந்தால் தேவலை.

"டாக்டர் என்னைய கைய நீட்டச் சொன்னாரே, அப்ப நீங்க பக்கத்துலதான மச்சான் உக்காந்திருந்தீங்க?"