எரிந்த காடும் இன்னொருத்தியின் புளியோதரையும்

சென்ற ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை மேரிஸ்வில் காட்டுக்குப் போனேன். காடு பார்க்கும் ஆசையில் போனேன் என்றால் அது பொய். என் தோழி வாசுகி நகரின் மறுகோடியிலிருக்கும் கிரெய்கிபர்னுக்குக் குடிபோனதும் அங்கே கல்பனா என்று ஒரு புதுச் சிநேகிதியைப் பிடித்துவிட்டாள். நானும் வாசுகியும் வருடந்தோறும் போய்வந்த காட்டில் அவர்கள் இருவரும் நிற்கும் படத்தை வாட்ஸப்பில் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த முறை நானும் வருவதாக உடனே செய்தி அனுப்பினேன்.

நான் இருக்கும் மல்கிரேவிலிருந்து ஹீல்ஸ்வில் வழியாக ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம். போக வர பெட்ரோல் முப்பது டாலர். ஹீல்ஸ்வில் தாண்டியதும் வளைவுகள் அதிகம். வயிறு புரட்டுபவர்கள் முன்சீட்டில் உட்காருங்கள். நான் தனியாகத்தான் போனேன். அவர்கள் ஒரே காரில் வந்தார்கள்.

நடைபாதையின் இருபுறமும் மவுண்டன் ஆஷ் மரங்கள், எல்லாம் ஒரே உயரம். அவற்றுக்கு மேலே, முன்பு வந்த பெருந்தீயில் எரிந்துபோன பழைய மரங்கள் வெளுத்து நின்றன.

"உனக்குத் தெரியுமே? இதெல்லாம் ஒரே வயசு மரங்கள்" என்றாள் வாசுகி. "பெரிய நெருப்பில தாய்மரம் செத்தாத்தான் காய்க்குள்ள இருக்கிற விதை சாம்பலில கொட்டி முளைக்குமாம். கல்பனாதான் சொன்னவ."

அதை அவளுக்கு முதலில் சொன்னதே நான்தான்! இதே இடத்தில், தகவல் பலகையை வரிவரியாகப் படித்துச் சொன்னேன். விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "இந்த இளமரங்க விதை பிடிக்கவே இருபது வருஷம் ஆகும். அதுக்குள்ள இன்னொரு தீ வந்தா இதுங்க அழிஞ்சு வாட்டில் புதர்தான் மிஞ்சும். அதுவும் பலகையில போட்டிருக்கே" என்றேன், கல்பனாவைப் பார்த்து.

"அப்படியா அக்கா? நான் பாதிதான் படிச்சேன்" என்று சிரித்தாள். சிரிப்பும் அழகாக இருந்து தொலைத்தது.

இருபது நிமிட நடையில் ஓடைப் பள்ளம் வரும். அங்கே தீயில் தப்பிய கிழமரம் ஒன்று உண்டு. அதன் அடியில் நானும் வாசுகியும் டப்பாக்களை மாற்றிக்கொள்வோம்: என் புளியோதரை அவளுக்கு, அவள் இடியப்பமும் சம்பலும் எனக்கு. போய்ப் பார்த்தால், மரம் வேரோடு சாய்ந்து கிடக்கிறது.

"நெருப்புக்குத் தப்பினது, காத்துக்குத் தப்பேல்லையடி" என்றாள் வாசுகி.

மரம் விழுந்த இடத்தில் வெயில் இறங்கி, பெரணியும் வாட்டில் கன்றுகளும் அதற்குள் இடம்பிடித்திருந்தன. காட்டுக்கு வருத்தமே இல்லை. எனக்கு இருந்தது.

சாய்ந்த மரத்தின் மேல் உட்கார்ந்தோம். கல்பனா டப்பாவைத் திறந்தாள். புளியோதரை! என் கையிலிருந்த டப்பாவை மீண்டும் பைக்குள் தள்ளப் பார்த்தேன்.

"இங்க வந்தா புளியோதரைதான்னு வாசுகி அக்கா கண்டிஷனாச் சொல்லிட்டாங்க. உங்க பழக்கமாமே. போன தடவையும் உங்க பேச்சுத்தான்" என்றாள் கல்பனா.

வாசுகி நிமிரவே இல்லை. என் டப்பாவைப் பிடுங்கி, இரண்டையும் மடியில் வைத்து மாறி மாறிச் சாப்பிட்டாள். கல்பனாவுடையதை நானும் ருசி பார்த்தேன். நன்றாகவே இருந்தது, அதுதான் பொறுக்கவில்லை.

போகிறவர்களுக்கு: தீ அபாய நாட்களிலும் பலத்த காற்றடிக்கும் நாட்களிலும் போகாதீர்கள், மரங்கள் விழும். காட்டுக்குள் கடை கிடையாது, சாப்பாடு கட்டிப் போங்கள். அடுத்த ஏப்ரலில் நான் மூன்று பேருக்குக் கட்டுவேன். என்ன சாப்பாடு என்று இங்கே எழுத மாட்டேன். கல்பனா இந்த வலைப்பூவைப் படிக்கிறாளாம்.