தோற்றவன் மடியில் சுழற்கிண்ணம்

யாழ்ப்பாணத்தில் அப்பாமார் படித்த இரண்டு கல்லூரிகளுக்காக இங்கே சுவிஸில் நாங்கள் வருடாவருடம் உதைபந்து ஆடுகிறோம்.

நேற்று எங்கள் பக்கம் தோற்றது. போன வருடம் வென்று நாங்கள் வைத்திருந்த சுழற்கிண்ணத்தை, இந்த முறையும் வெல்வோம் என்ற நம்பிக்கையில் மைதானத்துக்கே கொண்டுபோகவில்லை.

அதனால் இன்று அதை ஒப்படைக்க, மடியில் வைத்துக்கொண்டு எதிரணியின் ஊரான லா ஷோ-து-ஃபோனுக்கு ரயிலேறினேன்.

வெளியே பனிமூட்டம். கிண்ணத்தின் பளபளத்த வயிற்றில் பாதையோர ஏரி மங்கலாக வளைந்து வளைந்து போனது.

எதிரே இருந்த சுவிஸ் பெண், "வென்றுவிட்டீர்களா?" என்றார்.

ஆம் என்று தலை தானாக ஆடியது. பெட்டியே கைதட்டியது.

கிண்ணத்தை இறுக அணைத்துக்கொண்டேன். இறங்கும்வரை நாங்கள்தான் வென்றோம்.

ஸ்டேஷனில் எதிரணிக் கப்டன் கிண்ணத்தைக் கையில் வாங்கினான்.

"என்ன மச்சான், சூடாக் கிடக்கு?"

"வெயிலடா," என்றேன்.

அடுத்த வருடம் வென்று, அதற்கடுத்த வருடம் மறுபடி தோற்றால், இதைவிட மெதுவாகப் போகும் ரயில் எதுவென்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.